குமரி மாவட்ட நாவலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது என் அக்கா மகன் ஆழ்கடலில் இருந்தான். தூத்தூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. உடல் கிடைக்கவில்லை. டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அக்கா, அன்று ராத்திரியும் அவன் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். இறந்தவர்களுக்கான ஆண்டுத் திருப்பலிக்கு அவன் பெயரைக் கொடுக்க அத்தான் கிளம்பியபோது வாசலை மறித்து நின்றாள். "எம்புள்ளைய நீங்களே கொல்லப் பாக்கியளா?"

கடன் இருந்ததால் அத்தான் திரும்பவும் கடலுக்குப் போனார். மகனை விழுங்கிய தண்ணீரிலேயே போய்ச் சம்பாதிக்கிறாரே என்று அவளுக்கு ஆறவில்லை. மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தது.

2004 சுனாமியும் ஒக்கியும் கணக்காக, நிவாரணப் பட்டியலாக நிறையவே பதிவாகிவிட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நடந்ததை நாவலாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதையை அவளே சொல்லட்டும். அத்தானின் மௌனம் அவளுக்குக் கல்நெஞ்சாகத்தான் படும், படட்டும். விடியுமுன்னே எழுந்து, மகனுடைய பழைய தூண்டில் கயிற்றை அவர் சிக்கெடுத்துச் சிக்கெடுத்துச் சுருட்டியதை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் விரலில் கயிறு அறுத்த கோடுகளை மட்டும் அவள் போகிற போக்கில் சொல்லட்டும். வாசகர் பிடித்துக்கொள்வார்.

அவளைப் பைத்தியக்காரி ஆக்காதீர்கள். பேய் பிடித்ததென்று ஊர் பேசியது. எனக்கே அப்படித் தோன்றிய நாள் உண்டு, நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஆறு மாதம் கடந்தும் ஆளை முடக்கிப்போடுகிற இந்தத் துயரம் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அதைப் படித்தபோது அக்காவுக்காக அழுதேன். ஆனாலும் நாவலுக்குள் அந்த நோயின் பெயர் வேண்டாம். அவள் சோறு போடுகிற கை போதும்.

கடைசிப் பக்கத்தில் அவளைக் கடலில் இறக்கிவிடாதீர்கள். அக்கா இன்னும் இருக்கிறாள். அத்தானும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

எழுத நினைப்பவர் வரலாம். அக்காவிடம் முதலில் நான் கேட்கிறேன். அவள் சரி என்றால் மட்டும். வந்தால், மூடி வைத்திருக்கும் தட்டைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை