தொட்டுப் பார்த்த செவிலியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 10 வருடமாகச் சர்க்கரை. இன்சுலினைத் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் போட்டு வந்தார், அங்கேதான் வலிக்காதாம். அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. போன மாதம் ஒரு செவிலியர் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, நெல்லிக்காய் அளவுக்குக் கொழுப்பு திரண்டிருப்பதைக் காட்டினார். "அதில் போட்டால் மருந்து சரியாக ஏறாதும்மா. வயிறு, தொடைன்னு இடம் மாத்திப் போடுங்க. அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டுக்கோங்க" என்றார். அதுவரை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. பெரிய உதவி அது. கூடவே இப்படிச் சொல்லித்தருவதும் வர வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் ஆய்வேடு எழுதுகிறார்களே, அதைப் பேரையூர், மேலூர் பக்கக் கிராமங்களில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யட்டும். அதில் தெரியவருவதைப் பணியிலுள்ள செவிலியர்களுக்குப் பயிற்சியாகத் தர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை