ஆடு எந்தப் பக்கம் போச்சு?

கொழிஞ்சாம்பாறை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டிவலி தேவலையா? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இங்கே தமிழ் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு கிளைக்கதை, அதாவது படிக்கிறவரே அங்கங்கே வழியைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கத்துக்குப் புரட்டிப் போகிற கதை, எழுதிக்கொண்டிருக்கிறேன். காணாமல்போன ஆட்டைத் தேடி ஒரு சிறுமி கிளம்புகிறாள். வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட் பக்கம் போக 7ஆம் பக்கம், சித்தூர் புழைக்கு, அதாவது ஆற்றுக்கு, போக 12ஆம் பக்கம் புரட்ட வேண்டும். கதை வந்துவிடுகிறது, கணக்குதான் ஆளை அடிக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்று ஐந்து தடவை பிரித்தால் 32 முடிவு, மொத்தம் 63 கதைத்துண்டு எழுத வேண்டும். ஒரு தடவை படிக்கிற பிள்ளை பார்ப்பதோ ஆறே துண்டு!

அதனால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படமாகவே போட்டுவிட்டேன். துண்டுக்கு ஒரு வட்டம், தேர்வுக்கு ஒரு அம்பு, முடிவுக்குச் சிவப்பு மை. பிரிந்த வழிகளைச் சந்தையில் ஒன்றுசேர்த்ததும் வட்டங்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் அங்கேதான் சிக்கல். புழை வழியாக வந்தவள் கையில் குடை இருக்கிறது, செக்போஸ்ட் வழியாக வந்தவளிடம் இல்லை. அச்சடித்த புத்தகத்துக்கு ஞாபகம் ஏது? ஒன்று, சந்தைப் பக்கத்தில் குடைப் பேச்சையே எடுக்கக்கூடாது. இல்லையென்றால் வழியிலேயே குடையைப் பிடுங்கிவிட வேண்டும். நான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை விட்டுப் பிடுங்கிவிட்டேன்.

இதே மாதிரி அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்கிற எழுத்தாளர் 1979-ல் எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' புத்தகத்தில் 40 முடிவுகள். 1982-ல் அவரே 'இன்சைட் யூஎஃப்ஓ 54-40' என்று ஒன்று எழுதினார். அதில் அல்டிமா என்கிற சொர்க்கக் கிரகத்துக்குப் போய்ச் சேரும் பக்கம் உண்டு, ஆனால் எந்தத் தேர்வும் அங்கே கொண்டுபோய் விடாது. சொன்னபடி கேட்காமல் புரட்டுகிற பிள்ளைக்கு மட்டும்தான் அது! வரைந்தால் அம்பே தொடாத ஒற்றை வட்டம். நம்மைப் போன்ற வாலுகளுக்காகவே எழுதியிருக்கிறார் மனுஷன்.

இந்த மாதிரிக் கதை எழுத ட்வைன் என்று ஓர் இலவச மென்பொருள் 2009 முதல் இருக்கிறது. எழுத எழுதப் பெட்டியும் அம்பும் தானே வருகின்றன. ஆனாலும் எனக்குத் தாளைத் தரையில் விரித்துப் பார்த்தால்தான் திருப்தி.

அப்படிப் பார்த்ததில் சிவப்பெல்லாம் புழைப் பக்கமே குவிந்து கிடக்கிறது. செக்போஸ்ட் பக்கம் போனவளுக்குச் சந்தைக்கு வருமுன் ஒரே முடிவுதான், அதுவும் சப்பென்று இருக்கிறது. உன் பேரனைக் கேட்டுச் சொல்லேன்: ஆடு கோயமுத்தூர் லாரியில் ஏறிவிட்டால் அவன் என்ன செய்வான்? இரண்டு வழியாவது வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்