மருமகளின் சீனி

கொட்டகலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதக் கை ஓடவில்லை. மருமகளுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது. கர்ப்பத்தின் இருபத்தாறாவது வாரம். கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து மூன்று தடவை இரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 92க்குக் கீழே நிற்க வேண்டியது, 97.

"தேநீருக்கு எத்தனை கரண்டி போட்டாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் வாய் திறக்கவில்லை, அன்றிரவு சாப்பிடவுமில்லை. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் கேட்கிற கேள்வியா அது!

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். பரிசோதனை 24 வாரத்துக்குப் பின் என்றாலும், கோளாறு முதல் மாதங்களிலேயே வேர்விட்டிருக்கலாம். ஏறத்தாழ பத்து வாரம் வரை தாயின் இரத்தம், கருவுக்கு உணவூட்டும் சூல்வித்தகத்துக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கரு குறைந்த ஒட்சிசனில்தான் உருவாகிறது. பிறகு வழி திறந்து ஒட்சிசன் ஏறும்போது, அதைச் சமாளிக்கும் நொதியங்களும் அதிகரிக்க வேண்டும். ஈடுகொடுக்க முடியாமல் போவதுதான் ஒட்சியேற்ற அழுத்தம். உன் அப்பா தொழிற்சாலையில் நசுக்கிய கொழுந்து செம்பு நிறமாவதைக் காட்டுவாரே, அதுவும் ஒட்சியேற்றம்தான். கொழுந்துக்கு மணம் தருவது உடலின் கலத்தைப் புண்ணாக்குகிறது. சீனியை உள்ளே எடுக்கச் சொல்லும் இன்சுலினின் சொல்லை அந்தக் கலம் சரியாகக் கேட்பதில்லை; சீனி இரத்தத்திலேயே தங்குகிறது. இன்சுலின் சுரக்கும் பீற்றா கலங்களுக்கோ காப்பு நொதியங்கள் இயல்பிலேயே குறைவு. இதுதான் முழுக் காரணம் என்று இன்னும் யாரும் அறுதியிடவில்லை. ஆனாலும் கரண்டிக் கணக்கு கேட்டது என் தவறு. அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் நான் தேயிலைத் தூளா மாமி?" என்று சிரித்தாள்.

சிரிப்போடு விட்டாளா? இரும்பு மிகுந்தாலும் ஒட்சியேற்றம் கூடும் என்று எங்கேயோ கேட்டு, இரும்புக் குளிசையை நிறுத்தப் பார்த்தாள். நான் விடவில்லை. தோட்டத்து லயத்துப் பெண்களின் இரத்தசோகையை டிஸ்பென்சரியில் இருந்த உனக்கா சொல்ல வேண்டும்?

மகன் தன் பங்குக்கு, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று விட்டமின் சி, ஈ போத்தல்களோடு வந்தான். பிரித்தானியாவில் கர்ப்பிணிகள் 2,400 பேரை வைத்து, பாதிப் பேருக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பகால இரத்த அழுத்த நோயை அவை தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. போத்தல்கள் அலுமாரியில் தூங்குகின்றன.

இப்போது சோறு பாதி, கீரை இரட்டிப்பு, சாப்பிட்டதும் கோயில் மேடு வரை நடை. சீனியில்லாத தேநீரை நானும் குடிக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு. தைப்பொங்கலுக்கு வரும்போது வழக்கம்போல் தொதல் கட்டிக்கொண்டு வந்து நிற்காதே. பண்டாரவளைப் பேரிக்காய் நாலு போதும்.

உன்
சரோஜா