அடிப்பக்கமும் ஒட்டினாயா?

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய மேசைப் படம் கிடைத்தது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தாள் வால்நட் வினியர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கட்டாரில் ஹோட்டல் கதவுகளுக்கு ஒட்டி ஒட்டிக் கை பழகிய மரம். கபில நிறத்துக்குள்ளே லேசான ஊதா ஓடும். இரண்டு தாளையும் புத்தகம் விரித்தமாதிரி நடுவில் சேர்த்திருக்கிறாய், பொருத்து மயிரளவும் விலகவில்லை. காத்தான்குடித் தச்சர் ஓடாவியாருக்குக் காட்டினேன். "உங்கட மகன்ட கையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நெஞ்சு நிறைந்துபோச்சு. படத்தோடு நீயும் ரெண்டு சொல் எழுதியிருக்கலாம், மகன்.

வலப்பக்கத் தாள் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறதே என்று யோசிக்காதே. ஒரு தாளைப் புரட்டி ஒட்டினால் வெளிச்சம் மாறித்தான் விழும்.

அடிப்பக்கம் படத்தில் இல்லை. அங்கேயும் வினியர் ஒட்டினாயா? மேலே மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கம் இழுபட்டு வளைந்துவிடும். அடிக்கு மலிவான தாள் போதும், தடிப்பு மட்டும் ஒத்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் குளிருக்கு ஹீற்றர் போட்டால் வீட்டுக் காற்றே காய்ந்துவிடும், அப்போதுதான் வளைவு கண்ணில் படும். பளபளப்பு வேணுமென்று கனக்கத் தேய்க்காதே. தாள் அரை மில்லிமீற்றர் மட்டில்தான், மெஷின் ஓரிடத்தில் நின்றால் அடியிலுள்ள எம்.டி.எஃப், அந்த மரநார்ப் பலகை, வெளியே வந்துவிடும். யன்னலடியிலும் போடாதே. அம்மாவின் பலா அலுமாரி மஞ்சளாக வந்து, இப்போது எப்படிச் சிவந்து நிற்கிறது? வால்நட் அதற்கு நேரெதிர், வெயில் பட்டால் வெளுக்கும்.

அடுத்து ஏதும் செய்தால் முதிரை வினியர் கிடைக்குமா என்று கேட்டுப்பார். அங்கே சாட்டின்வுட் என்பார்கள். இங்கிலாந்துத் தளபாடக்காரர்கள் தேடி வாங்கிய மரம் அது. பொன்மஞ்சள். நல்ல தாளாக இருந்தால், நீ இடம் மாறி நின்று பார்க்க உள்ளே குறுக்கு வரிகள் மின்னி அசையும். ஓக் என்றால் குவார்ட்டர் வெட்டு, அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுத்த தாள்தான் வாங்கு, வெள்ளிக் கீற்று அதில்தான் வரும்.

அப்புறம், மேசையடியில் ஒரு கதிரைதான் கண்டேன். மற்றது உள் அறையில் கிடக்கும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். போனமுறை மருமகளைக் கேட்டதற்கு வேலைக்குப் போய்விட்டா என்றாய். அதற்கு முந்தியும் அதேதான். சரி, வேலை இருக்கும். நான் துருவிக் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தூசிக்கு முகமூடி போடு. அடிப்பக்கத்தை மறக்காமல் பார், மகன்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வருவோம் என்று போன வருசம் ரெண்டு பேரும் சொன்னீர்கள். ரெண்டு டிக்கெட்டா, ஒன்றா? எதுவானாலும் நீ வா. முன்கூட்டியே சொன்னால் அம்மா அறையை ஒழுங்குபண்ணி வைப்பா.

அப்பா
மட்டக்களப்பு