ஜிலேபி மீனைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகளுக்கும், அவற்றின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். பாலாற்றோரம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவன் எழுதுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வரப்பில் காலை வெயிலில் வெள்ளையாகப் பூத்திருப்பதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

போன மாதம் ஒரு நிலையத்தைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். கடைசிக் குட்டையில் ஒரு பிடி தவிட்டைப் போட்டதும் ஜிலேபிக் கெண்டைகள் மொய்த்தன. "பாருங்க சார், மீனே தண்ணியச் சுத்தம் பண்ணிடுது" என்றார் அங்கிருந்தவர். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். எனக்கும் ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது.

மீன் பாசியைத் தின்னும், கொசுப் புழுவைத் தின்னும். வீட்டுச் சாக்கடைத் தண்ணீருக்கு அது பெரிய உதவிதான். கல்கத்தாவுக்குக் கிழக்கே அந்தத் தண்ணீரை ஏரிகளில் விட்டு, காலங்காலமாக மீன் வளர்க்கிறார்கள். உங்கள் தண்ணீரின் நோய் வேறு. தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, ஊறப்போடும்போது அப்படியே தண்ணீரில் இறங்குகிறது. அதை எந்த மீனும் தின்னாது. ஜிலேபியோ கடல் தண்ணீரிலேயே தாக்குப்பிடிக்கிற ஜாதி. அது உயிரோடு இருக்கிறது என்பதால் உப்பு குறைந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

அப்புறம் தோலைப் பதனிடப் போடுகிற குரோமியம். பெரும்பகுதி அடிச் சேற்றில் படியும். ஜிலேபி ஆண் மீன் கூடு கட்ட அந்தச் சேற்றைத்தான் வாயால் தோண்டும். படிந்ததைக் கிளறிவிடுகிற வேலைக்காரனை நீங்களே குடிவைத்திருக்கிறீர்கள். போதாததற்கு, வேலிக்கு வெளியே இரண்டு பையன்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மீன் யார் வீட்டுக் குழம்புக்குப் போகிறது?

மீனே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1986 சுற்றுச்சூழல் விதிகளிலேயே மீனுக்கு ஒரு வேலை இருக்கிறது: வெளியேற்றும் தண்ணீரில், வேறு தண்ணீர் கலக்காமல், 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்கு 90 மீன் பிழைக்க வேண்டும். அதை ஊர்க்காரர்கள் முன்னால் மாதம் ஒருமுறை செய்யுங்கள். ஜிலேபி வேண்டாம், ஏரியில் விடுகிற ரோகு, கட்லா குஞ்சுகளை விடுங்கள். பக்கத்திலேயே கரைந்த உப்பின் அளவையும் எழுதிப் போடுங்கள். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு உங்களுக்குத் தெரியாததல்ல. தோலை ஊறப்போடும் முன் உப்பை உதறி எடுத்தாலே கொஞ்சம் பாரமாவது குறையுமே, அதற்கு ஆள் கூலி அதிகம் என்கிறீர்களா?

உச்ச நீதிமன்றம் 1996-லேயே, கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று நம் வேலூர்ப் பகுதித் தோல் ஷாப்பு வழக்கில்தான் சொன்னது. அந்தச் செலவை மீன் தலையில் கட்டாதீர்கள்.

முதல் சோதனைக்குத் தேதி சொல்லுங்கள். ஏரிக் குத்தகைக்காரரிடம் சொல்லி குஞ்சுகளை நானே வாங்கி வருகிறேன். அதுவரை அந்த வேலியை மட்டுமாவது கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி ஒருவன்