காலியாக இருந்த கோல்கீப்பர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய கால்பந்து அட்டைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1958இல் சுவீடனில் அச்சான பெலேவின் சின்னஞ்சிறு படம் ஒன்று 2022இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன கதையை விரிவாக எழுதியிருந்தீர்கள். முனை மடங்காமல் இருந்தால் விலை எத்தனை மடங்கு ஏறும் என்பது வரைக்கும் இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் நிற்கும் 17 வயதுப் பையன் அந்த உலகக் கோப்பையில் 6 கோல் அடித்தான் என்பதற்கு ஒரே ஒரு வரிதான். பெலேவுக்கே ஒரு வரி என்றால் மற்றவர்களைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள் என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வேலை காரணமாக மூன்று ஆண்டுகள் இத்தாலியில் மோடெனா நகரத்தில் இருந்தேன். ஆல்பத்தில் ஒட்டும் கால்பந்து ஆட்டக்காரர் படங்களை அச்சிடும் பனீனி நிறுவனம் பிறந்த ஊர் அது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பொருள் சந்தையில் 1963-64 பருவத்துக்கான பனீனி ஆல்பம் ஒன்றை வாங்கினேன். எந்தப் பையனோ கோந்து தடவி ஒட்டியது. சில படங்கள் கோணலாக இருந்தன, சிலவற்றில் கோந்து வழிந்து பழுப்பேறியிருந்தது. ஏலக்காரர்கள் இப்படிப்பட்டதைக் கையில்கூட எடுக்க மாட்டார்கள். பக்கங்களைப் புரட்டியபோது அட்டலான்டா அணியின் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கடைக்காரப் பெரியவர் அதைத் தொட்டுக் காட்டி, "பிட்சபல்லா" என்று ஒரு சொல் சொன்னார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

பியர்லூயிஜி பிட்சபல்லா அட்டலான்டாவின் கோல்கீப்பர். புகைப்படக்காரர் அணியைப் படமெடுக்க வந்த நாளில் காயத்தால் அவர் இல்லை. அதனால் அவர் படம் தாமதமாக அச்சாகி, மற்றவற்றைவிடக் குறைவாகவே வெளியே வந்தது. அவரே பின்னாளில் சொன்ன விளக்கம் இது. பள்ளிக்கூட வாசலில் பையன்கள் கையிலிருக்கும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு படமாக நகர்த்தி, "செலோ, செலோ, மன்கா" என்று சொல்லிக்கொண்டே போவார்களாம். இருக்கு, இருக்கு, இல்லை என்று அர்த்தம். தீப்பெட்டிப் படம் சேர்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி எல்லாருக்கும் ‘மன்கா’வாகவே இருந்த படம் பிட்சபல்லா. கிடைக்கவே கிடைக்காத பொருளுக்கு அவர் பெயரைச் சொல்வது இத்தாலியில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது.

சரி, படம் கிடைக்காதவர் என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறதா? 1963 ஜூன் 2 அன்று டொரினோவை 3-1 என்று வென்று அட்டலான்டா இத்தாலியக் கோப்பையை எடுத்தபோது வலையைக் காத்தவர் அவர். பெர்கமோ நகரத்து அந்தச் சிறிய அணிக்கு அதற்கடுத்த பெரிய கோப்பை 2024இல்தான் கிடைத்தது, டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில். 61 ஆண்டுகள்! இடையில் அந்த ஊரில் இரண்டு தலைமுறைகள் 1963இன் பெயர்களை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தன. பிட்சபல்லா 1966 உலகக் கோப்பைக்கான இத்தாலி அணியிலும் இருந்தார், ஆனால் நாட்டுக்காக ஆடியது மொத்தமே ஒரு ஆட்டம். பிறகு ரோமாவுக்குப் போய் 1969இல் இன்னொரு இத்தாலியக் கோப்பை வென்றார். அங்கிருந்து வெரோனா. 1973 மே மாதம், பருவத்தின் கடைசி நாளில், இத்தாலிய லீக் பட்டத்தின் வாசல்வரை வந்துவிட்ட மிலானை வெரோனா 5-3 என்று வீழ்த்தியது. பட்டம் ஜூவென்டஸுக்குப் போய்விட்டது. அப்போது வெரோனாவில் இருந்த பிட்சபல்லா அந்தக் கோடையிலேயே மிலானுக்குப் போனார். கடைசியில் அட்டலான்டாவுக்கே திரும்பி, 1980இல் 40 வயதில்தான் கையுறையைக் கழற்றினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர். ஒரு நாள் படமெடுக்க வராததை வைத்தே உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதே பக்கத்தில், காலிக் கட்டத்துக்கு அருகிலேயே, ஆஞ்சலோ டொமெங்கினி நிற்கிறார். அந்த 1963 இறுதி ஆட்டத்தின் 3 கோலும் அவர் போட்டவைதான். இளைஞர், முகத்தில் சிரிப்பே இல்லை. 1968இல் இத்தாலி நாட்டு அணியோடு ஐரோப்பியக் கோப்பையையும் 1970இல் கலியாரி அணியோடு இத்தாலியப் பட்டத்தையும் வெல்லப் போகிறோம் என்று அந்த முகத்துக்குத் தெரியாது. அதே 1970இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெலேவுக்கு எதிரணியில் ஆடப் போவதும் தெரியாது. பழைய படங்களில் என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான். ஏலப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பனீனி ஆரம்பித்த விதத்தையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. மோடெனாவில் செய்தித்தாள் விற்று, பிறகு விநியோகம் செய்துவந்த சகோதரர்கள் அவர்கள். 1960இல், மிலான் நிறுவனம் ஒன்றிடம் விற்காமல் தேங்கிக் கிடந்த படங்களை வாங்கி, பொட்டலத்துக்கு இரண்டு படம் வைத்து 10 லீராவுக்கு விற்றார்கள். 30 லட்சம் பொட்டலங்கள் போயின. மறு ஆண்டே சொந்தமாக ஆல்பம் போட்டார்கள். அதில் முதலில் அச்சான படம் இண்டர் மிலான் அணியின் ப்ரூனோ போல்கி.

போல்கிக்கு அப்போது 21 வயது. நல்ல உயரமான நடுக்கள ஆட்டக்காரர், அணித் தலைவர். 1962-63இல் பட்டம் வென்ற இண்டர் அணியிலும் இருந்தார். ஆனால் இண்டர் ஐரோப்பாவையே ஆளப் போன நேரத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். வெரோனா, பிறகு அட்டலான்டா, பிறகு டொரினோ. அட்டலான்டாவில் பிட்சபல்லாவோடு ஒரே அணியில் ஆடினார் என்பதைக் கவனியுங்கள். முதல் படத்தின் சொந்தக்காரரும் கிடைக்காத படத்தின் சொந்தக்காரரும் ஒரே உடைமாற்றும் அறையில்! ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளராகி பாரி, செசெனா, லெச்சே, ரெஜ்ஜினா என்று நான்கு அணிகளை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். ரெஜ்ஜினா அதற்கு முன் முதல் பிரிவையே பார்த்ததில்லை. 2022இல் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் தலைப்பு ‘முதல் பனீனி படத்தின் முகம்’ என்கிற மாதிரிதான் இருந்தது. அந்த நான்கு ஊர்க்காரர்கள் அவரை அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

பனீனி ஆல்பங்களின் அட்டையில் ஒருவர் தலைகீழாகப் பறந்து பைசிக்கிள் கிக் அடிப்பாரே, அவருக்கும் பெயர் உண்டு: கார்லோ பரோலா, ஜூவென்டஸின் தடுப்பாட்டக்காரர். 1950 ஜனவரியில் ஃபியொரென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தில் எடுத்த படம். ஜூவென்டஸின் கறுப்பு வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டு வேறு நிறம் பூசிவிட்டதால் அவர் யாரென்றே தெரியாமல் போய்விட்டது. 1975இல் ஜூவென்டஸ் பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவரேதான்.

அப்புறம் ஜிஜி மெரோனி. என் ஆல்பத்தில் ஜெனோவா பக்கத்தில் இருக்கிறார், வயது 20. அடுத்த ஆண்டு டொரினோ அவரை வாங்கியபோது ஜெனோவா ரசிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். முடியை நீளமாக வளர்ப்பார், ஓவியம் வரைவார், தன் உடைகளைத் தானே வடிவமைப்பார். டொரினோ ரசிகர்கள் அவரைப் பட்டாம்பூச்சி என்றார்கள். 1967 அக்டோபர் 15, சம்ப்டோரியாவை 4-2 என்று வென்ற இரவு, டூரின் நகரத்தின் பெரிய சாலை ஒன்றைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். 24 வயது. ஓட்டியவர் 19 வயது இளைஞர், மெரோனி என்றால் உயிரை விடும் ரசிகர். 2000இல் அதே டொரினோ கிளப்புக்கு அவர் தலைவரானார். மெரோனி இறந்த அடுத்த வாரம் ஜூவென்டஸுடன் ஆட்டம். டொரினோ 4-0 என்று வென்றது. மெரோனியின் நெருங்கிய நண்பர் கோம்பின் 3 கோல் அடித்தார். மெரோனியின் 7ஆம் எண் சட்டையைப் போட்டிருந்த கரெல்லி நான்காவதை அடித்தார். போல்கி அப்போது அந்த டொரினோவில்தான் இருந்தார்.

மெரோனியின் படத்தை ஒட்டிய பையன் நான்கு ஆண்டு கழித்து அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்திருப்பான் என்றே நினைக்கிறேன். ஓரம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. ஏலத்துக்காகத் தரம் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மதிப்பெண் குத்திய அட்டையை யாரும் இப்படித் தேய்க்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷி தொடங்கிய ‘லுனிதா’ நாளிதழ் 1990களில், வால்டர் வெல்ட்ரோனி ஆசிரியராக இருந்தபோது, பழைய பனீனி ஆல்பங்களை மறுபதிப்பாக நாளிதழோடு கொடுத்தது. அரசியல் பத்திரிகை அதற்கு இடம் கொடுத்தபோது, விளையாட்டுக்கென்றே பக்கம் வைத்திருக்கும் நீங்கள் இதழுக்கு அரைப் பக்கம் ஒதுக்கக் கூடாதா? ஒரு படம், அந்த ஆட்டக்காரர் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார், அவ்வளவு போதும். விலை வேண்டாம். பெலே, மரடோனாவில் ஆரம்பிக்கவும் வேண்டாம், அவர்களை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

என் ஆல்பத்தின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சம்மதம். டொமெங்கினியையும் மெரோனியையும் இந்த வாரமே அனுப்ப முடியும். பிட்சபல்லாவுக்கு மட்டும் அந்தக் காலிக் கட்டத்தைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்