புஷ்பக் விமானத்துக்குப் புதுத் துணி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள நம் பள்ளியில் படித்தவர்கள் அனைவரும் மைதானத்து ஓரம் நிற்கும் அந்தச் சிறு விமானத்தை அறிவீர்கள். அது பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கிய புஷ்பக். இருவர் அமரும் இந்தப் பயிற்சி விமானம் முதன்முதலில் பறந்தது 1958-ஆம் ஆண்டு. நாட்டின் பயிற்சிக் கழகங்களில் எத்தனையோ விமானிகள் இதில்தான் பறக்கக் கற்றார்கள்.

36 அடி அகல இறக்கையைப் போர்த்தியிருப்பது தகடு அல்ல, துணி. அது வெயிலில் இற்றுவிட்டது. விரல் பட்டாலே கிழிகிறது. வால் பக்கம் எஃகுக் குழாய்ச் சட்டம் வெளியே தெரிகிறது. துணியை மறுபடி போர்த்திவிடலாம். சட்டத்தைத் துரு தின்றுவிட்டால் விமானமே மிஞ்சாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.

பறக்கும் விமானத்துக்குச் சான்று பெற்ற துணியும் அதற்குரிய பூச்சுகளும் கட்டாயம். அவை நம் கைக்கு எட்டாத விலை. நம் விமானம் இனிப் பறக்கப் போவதில்லை. சான்று பெற்ற துணியும் அடிப்படையில் பாலியஸ்டர்தான் என்பதால், சாயம் ஏற்றாத, சூட்டில் சுருங்கும் சாதாரணப் பாலியஸ்டரே நமக்குப் போதும். சட்டத்தில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் முதலில் 120 பாகை, பிறகு 175 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றினால் முரசுத் தோல் போல இறுகிவிடும். பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்துச் சரிபார்த்தே தொடுவோம்.

வீரவநல்லூர்க் கைத்தறிப் பருத்தியைப் போர்த்தலாமே என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. பழைய விமானங்கள் பருத்தியும் லினனும் அணிந்தவைதாம். ஆனால் பருத்தியை இறுக்க டோப் என்னும் பூச்சு வேண்டும். அதில் நைட்ரேட் வகை மிக எளிதில் தீப்பற்றும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதை வைக்க எங்களுக்கு மனமில்லை. வெயிலிலும் ஈரத்திலும் பருத்தி சீக்கிரம் இற்றும் போகும்.

மேல்பூச்சுக்கு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயிண்ட் போதும். அதற்கு அடியில் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சை மட்டும் விட முடியாது. பாலியஸ்டரையும் அரிக்கும் புறஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான். இறக்கையின் ஒவ்வொரு விலாவோடும் துணியை நீள ஊசியால் மேலும் கீழுமாகத் தைத்து முடிச்சிடுவதையும் கைவிட மாட்டோம். பசையை மட்டும் நம்பினால் ஆடிக் காற்று துணியைத் தூக்கிவிடும்.

துணி 50, 60 மீட்டர் தேவைப்படும். அதோடு மெழுகு நூல், நாடா, துருத்தடுப்புப் பூச்சு, பெயிண்ட், மேலே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்கே செலவு அதிகம். அது இல்லாமல் துணி மாற்றுவது வீண் வேலை என்பதே குழுவின் முடிவு.

ஒரு மீட்டர் துணியின் விலையைத் தந்தாலும் மகிழ்ந்து பெற்றுக்கொள்வோம். தையல் தெரிந்தவர்களும் பற்றவைப்பு வேலை அறிந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுத்தால் கூலிச் செலவு பெருமளவு குறையும். நன்கொடையைத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிஞ்சும் தொகை கொட்டகைப் பராமரிப்புக்குச் சேரும்.

இப்படிக்கு,
விமானச் சீரமைப்புக் குழு